பழைய வாத்தியாரா, புது மாஸ்டரா? கம்பு கற்கும் ஒரு வீட்டின் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு பேர் சிலம்பம் கற்கிறோம், நானும் என் மகளும். ஏழு வருஷமாக ஒரே இடம்தான். அந்த இடத்தை விடுவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்ற பேச்சு போன தீபாவளிக்குத் தொடங்கி இந்த மே மாதக் கடைசி வரை இழுத்தது. "இந்த வீடு கட்டும்போதுகூட இவ்வளவு யோசிக்கலையே" என்று என் மனைவி அலுத்துக்கொண்டாள். கொத்தனார் சரியில்லை என்றால் மறுநாளே மாற்றிவிடலாம். வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்ட வாத்தியாரை அப்படி மாற்ற முடியவில்லை, அதுதான் சிக்கல்.

மதுரையில் இதே யோசனையில் இருக்கிற பெற்றோர் நிறையப் பேரை இந்த ஆறு மாதத்தில் சந்தித்துவிட்டேன். அவர்களுக்கு உதவலாம் என்று, நாங்கள் போய்ப் பார்த்த வழிகளை எழுதுகிறேன். எந்தப் பயிற்சிக்கூடத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

முதலில் எங்கள் இடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் எது குறைந்தது என்று புரியாது.

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பத்தாறு வயது. வீடு அனுப்பானடியில் என்பதால் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். இரண்டு மாதத்தில் சலித்துவிட்டது. கூட நடக்கிற ஒருவர், பக்கத்தில் ஒரு காலி மனையில் கம்பு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கூட்டிப்போனார். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. வேடிக்கை பார்க்க வந்தவளையும் வாத்தியார் விடவில்லை. தட்டில் நூற்றியொரு ரூபாய் வைத்து இரண்டு பேரும் சேர்ந்தோம்.

முதல் மூன்று மாதம் கையில் கம்பே கிடையாது. காலடி மட்டும்தான். வாத்தியார் மண்ணில் கோலப்பொடியால் கோடு போட்டு வைத்திருப்பார். கால் கோட்டைத் தாண்டினால், "காலு எங்கப்பா போகுது, கருப்பாயூரணிக்கா?" என்று கேட்பார். கம்பு கொடுத்த அன்று ஒவ்வொருவரையும் நேராக நிற்க வைத்து, மூங்கிலை முன்னால் ஊன்றி, புருவ நடுவுக்கு அடையாளம் போட்டு, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அங்கேயே ரம்பத்தால் அறுத்தார். என் கம்பும் மகள் கம்பும் அவர் கையால் அளந்து அறுத்தவை.

புதிதாகக் கம்பு பிடிக்கிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வோம். மணிக்கட்டை ஓட்டாமல் முழங்கையை மடக்கி மடக்கிச் சுற்றுவோம். பார்ப்பதற்கு வேகமாக இருக்கும், பத்து நிமிஷத்தில் கை கடுக்கும். வாத்தியார் தன் தோள்துண்டை நாலாக மடித்து என் அக்குளில் செருகி, "இது விழாமச் சுத்து" என்பார். விழும். குனிந்து எடுத்து, மண்ணை உதறி, மறுபடி செருகுவார். ஒரு சாயங்காலம் பதினான்கு தடவை விழுந்தது. நான் எண்ணவில்லை, மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்தாவது தடவை அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். துண்டு விழவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

இப்போது சரிவுக்கு வருவோம். கூட்டம் குறைந்து, வாடகை கட்ட முடியாமல் நொடித்துப்போன கதை இது இல்லை. கூட்டம் கூடித்தான் எங்கள் இடம் கெட்டது. சில வருஷத்துக்குள் சிலம்பத்துக்கு வரிசையாக நல்ல காலம் வந்தது. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்துக்குள் எடுத்தார்கள். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2023-இல் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அதுவும் ஒரு பிரிவாக இருந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது செயல்விளக்க விளையாட்டாக வைத்தார்கள். அந்த விளையாட்டுகளை நடத்திய நான்கு நகரங்களில் மதுரையும் ஒன்று என்பதால், இங்கே பேச்சு இன்னும் பலமாக இருந்தது. செய்தித்தாளில் வந்ததும் அடுத்த வாரமே பெற்றோர் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். நாற்பது பிள்ளைகள் இருந்த இடத்தில் நூற்றைம்பது. ஒரு கிளை மூன்று கிளையானது. அதே நேரத்தில் வாத்தியாருக்கு முழங்கால் தேய்ந்துபோய், ஐந்து படி ஏறினால் உட்கார வேண்டிய நிலை. அவருடைய அக்கா மகன் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நன்றாக ஆடுவார். ஆனால் மூன்று கிளைக்கும் ஓடுகிறவர் எந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்ப்பார்? எங்கள் கிளையைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டான். மூன்று மாதக் காலடி மூன்று வாரமாகி, அப்புறம் மூன்று நாளானது. சேர்ந்த மாதமே பிள்ளைக்குக் கலர் டேப் சுற்றிய கம்பு. இரண்டாம் மாதம் மேடை.

எனக்குப் பொறுக்காமல் போனது போன வருஷம் நடந்த ஒரு 'உலக சாதனை'. ஒரு மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், மே மாதம், காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி நேரம் நிற்காமல் கம்பு சுற்ற வேண்டும். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சான்றிதழ், மெடல், மதியம் தக்காளிச் சோறு. மகள் முழுதாகச் சுற்றினாள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் வீங்கியிருந்தது. மூன்று வாரம் கம்பைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். சான்றிதழில் அவள் பெயரில் ஒரு எழுத்துப் பிழை வேறு. யாரோ ஒரு தனியார் அமைப்பு கொடுக்கிற அந்தத் தாளுக்கு எந்த ஒதுக்கீட்டிலும் மதிப்புக் கிடையாது என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் விசாரித்தேன். அது என் முட்டாள்தனம்.

சரி, இதில் எது சரிவு, எது வெறும் மாற்றம் என்று பிரிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மாதக் கட்டணம் ஐந்நூறிலிருந்து எண்ணூறு ஆனதற்குப் புலம்பினேன். ஏழு வருஷத்தில் காய்கறி விலை எங்கே போயிருக்கிறது, அதைப் பார்த்தால் இது ஒன்றும் அநியாயம் இல்லை. சீருடை வந்தது, பணம் போனில் கட்டச் சொன்னார்கள், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள். கடைசியாகச் சொன்னது நல்ல விஷயம், முன்பே செய்திருக்க வேண்டியது. பழைய ஆட்களுக்கு எந்த மாற்றமும் கசக்கும். என் கசப்பு எதுவரை நியாயம் என்று எனக்கே சந்தேகம் வந்ததால் ஒரு வேலை செய்தேன்.

ஏப்ரல் மாதம் மகளுக்குப் பன்னிரண்டு வகுப்பு. பன்னிரண்டுக்கும் ஓரமாக உட்கார்ந்து, யாராவது அவளை எத்தனை தடவை திருத்துகிறார்கள் என்று போனில் குறித்துவைத்தேன். மூன்று தடவை. ஒன்று, "முடியை இறுக்கிக் கட்டு." இன்னொன்று, "கேமராவப் பாத்துச் சுத்து." மூன்றாவது, "பின்னங்கால் குதியைத் தூக்காதே." அதைச் சொன்னது அந்தப் பத்தாம் வகுப்புப் பையன். சொன்னது சரியும்கூட. மாதம் முழுக்க அவள் கற்றது அந்த ஒரு வரிதான்.

அதற்கு மேல் வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. தரை, கூரை, பேனர், மெடல் அலமாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு வழியிலும் 'அங்கே யார் திருத்துவார்கள்' என்று மட்டும் கேட்டோம்.

அங்கேயே இருப்பது

இதற்குச் சாதகமாக நிறைய இருக்கிறது. நடந்து போகிற தூரம். மகளின் சிநேகிதிகள் எல்லோரும் அங்கேதான். பெண் பிள்ளை ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக வீட்டுக்கு வரலாம், வழியில் இருக்கிற கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஆயுத பூசைக்கு வாத்தியார் வந்து உட்காருவார், கம்புகளை அடுக்கிக் கும்பிட்டுக் கையில் எடுத்துக் கொடுப்பார்.

உள்ளே இருந்தே சரிசெய்ய முடியுமா என்றும் பார்த்தேன். அக்கா மகனிடம் நேராகவே பேசினேன். கோபப்படவில்லை. "அண்ணே, நீங்க சொல்றது எனக்குத் தெரியாமலா இருக்கு? நூத்தம்பது பிள்ளைக, நான் ஒத்த ஆளு. காலடி மூணு மாசம்னு சொன்னா ரெண்டாவது மாசமே பாதிப் பேரு பக்கத்து கிளாசுக்குப் போயிருவாங்க" என்றார். பழைய ஆட்களுக்கு ஞாயிறு காலையில் தனி வகுப்பு வைக்கிறேன், மாதம் இரண்டாயிரம் என்றார். முன்பு எண்ணூறுக்குள் இருந்ததைத் தனியாகப் பிரித்து இரண்டாயிரத்துக்குத் தருகிறார் என்று மனைவி சொன்னாள். எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. அவர் சொன்ன கணக்கு பொய் இல்லை. காலடியைக் குறைக்கச் சொன்னது எங்களைப் போன்ற பெற்றோர்தான். முதல் வருஷமே "பிள்ளை எப்போ மேடை ஏறும்?" என்று கேட்டவர்களில் என் மாமனாரும் ஒருவர்.

பிள்ளை சின்னது, சாயங்காலம் போனை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் வியர்த்தால் போதும் என்றால், இப்படிப்பட்ட இடமே போதுமானது. வாத்தியார் வாரம் ஒரு நாளாவது வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் இருக்கலாம். நாற்காலியிலிருந்தே பாதித் தப்பு கண்ணில் பட்டுவிடும். எங்கள் வாத்தியார் ஆறு மாதத்தில் இரண்டு தடவைதான் வந்தார். அப்புறம், 'ஏழு வருஷம் போட்டோமே' என்பதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அந்த ஏழு வருஷம் நம் உடம்பில் இருக்கிறது, எங்கே போனாலும் கூடவே வரும்.

புது மாஸ்டர்

குருவிக்காரன் சாலைப் பாலம் ஏறி, கே.கே. நகர் வழியாகப் புதூர்ப் பக்கம் போக வேண்டும். சாயங்கால நெரிசலில் முப்பத்தைந்து நிமிஷம். மாஸ்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், உடற்கல்வி படித்தவர். கழுத்தில் விசில். ஒரு வகுப்புக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை. வாசலில் பேனர் கிடையாது என்பதே எனக்குப் பிடித்தது.

ஒரு வாரம் சும்மா வந்து பார்க்கலாமா என்று கேட்டோம், சம்மதித்தார். (இதற்குச் சம்மதிக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.) இரண்டாம் நாள் மகள் சுற்றுவதைப் போனில் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து அவளிடமே காட்டினார். "உன் முழங்கை எங்கே இருக்கு பாரு." அவள் பார்த்தாள். விலாவிலிருந்து ஒரு சாண் விலகி, கோழி இறக்கையை விரித்த மாதிரி இருந்தது. "இதாலதான் போன வருஷம் வலிச்சிருக்கு" என்றார். வலித்ததை நாங்கள் சொல்லவே இல்லை. வாத்தியார் துண்டு செருகித் திருத்தியதை இவர் போனால் திருத்துகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறைகளும் உண்டு. அவருக்குப் போட்டிதான் உலகம். எடைப் பிரிவு பார்த்து நிறுத்தி, உடம்பில் தொட்டால் புள்ளி என்று ஆடுகிற ஆட்டத்துக்கு ஏற்றபடிதான் பயிற்சி. குதித்துப் போ, தொடு, விலகு. ஏறி அடிப்பது, அடியை வாங்கித் திருப்புவது, பிடி, பூட்டு என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த பலதும் அங்கே இல்லை. "அதெல்லாம் போட்டியில வராதுங்க சார்" என்றார் மரியாதையாக. மாதம் ஆயிரத்து இருநூறு, தலைக்கவசமும் மார்புக் காப்பும் தனி. வருஷத்துக்கு இரண்டு மூன்று வெளியூர்ப் போட்டி என்றால் பஸ், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் நம் செலவு. பெற்றோர் மத்தியில் மெடல் பேச்சு அதிகம். ஒரு அம்மா முதல் நாளே, உங்க பொண்ணு எத்தனை கிலோ என்று என்னிடம் கேட்டார். தன் மகளும் அதே பிரிவா என்று பார்க்கத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலம்பத்துக்குச் சங்கங்கள் பல இருக்கின்றன, எல்லோரும் மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று பெயர் வைத்துத்தான் நடத்துகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்றிதழ்தான் செல்லும். எந்தச் சங்கத்தின் போட்டிக்கு அனுப்புகிறீர்கள் என்று சேரும்போதே கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். அந்த 3 சதவீதத்துக்காக மட்டும் பிள்ளையைக் கம்பு பிடிக்க வைப்பதும் சரியாக வராது. எல்லா விளையாட்டுக்காரர்களும் சேர்ந்து மோதுகிற இடம் அது.

கிராமத்து ஆசான்

இது என் ஆசைக்காகப் பார்த்தது. சிக்கந்தர் சாவடி தாண்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊர். போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஞாயிறு விடிகாலை, கோயில் திடலில் ஏழெட்டுப் பேர். கட்டணம் கிடையாது, தட்சிணை வைப்பது உங்கள் மனசு. ஆசான் விவசாயி. பெரியாறு பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் நடவு முடிகிறவரை வகுப்பு இல்லை. தை பிறந்தால் ஊரே வாடிவாசல் பக்கம் போய்விடும், அப்போதும் இல்லை. வருஷத்தில் ஏழு மாதம் நடந்தால் பெரிது.

ஆனால் திருத்துவது என்றால் அதுதான் திருத்துவது. நான் கம்பை எடுத்து இரண்டு வீச்சு வீசியதும், "பட்டணத்துச் சுத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கம்பின் நடுவில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார், பிடி கழன்று கம்பு போய் விழுந்தது. ஏழு வருஷம் கற்றவன் கையிலிருந்து. "கம்ப இறுக்கிப் புடிச்சா அது ஒங்கள ஆட்டும் தம்பி" என்று சொல்லி, என் சுண்டுவிரலை மட்டும் தளர்த்திவிட்டார். அடுத்த தட்டுக்குக் கம்பு விழவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் வழி வேறு. எங்கள் வாத்தியார் வலது காலில் தொடங்குவதை அவர் இடது காலில் தொடங்குகிறார். இரண்டும் பழைய வழிகள்தான், எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஏழு வருஷம் பழகிய காலை மாற்றச் சொன்னால், முதலில் இருந்ததும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, "பொம்பளப்பிள்ளைக்குத் தனியா நின்னு சொல்லித்தர இங்க ஆள் இல்ல தம்பி, பொய் சொல்லக்கூடாது" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் இன்னொரு தடவை போகத் தோன்றியது. மகளுக்கு அந்த வழி அதோடு அடைபட்டது.

வேறு கலைக்கு மாறுவது

மகள் பள்ளியிலேயே சாயங்காலம் கராத்தே வகுப்பு உண்டு. வேன் அங்கிருந்தே கிளம்பும், அலைச்சல் மிச்சம். பெல்ட் முறையில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குப் புரியும். ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1880-களில் கொண்டுவந்த ஏற்பாடு அது, கராத்தே அப்புறம் எடுத்துக்கொண்டது. இப்போது நம் ஊர்ச் சிலம்ப வகுப்புகள் சிலவற்றிலும் பெல்ட் கட்டிவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒலிம்பிக் என்று கனவு காண்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது, 2024 பாரீஸில் இல்லை. டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து தொடர்ந்து இருக்கிறது.

இதை மகளே முடித்துவைத்தாள். "அதுல கம்பு இல்லையேப்பா." ஜப்பானில் ஒகினாவாத் தீவுக்காரர்கள் 'போ' என்று ஆறடிக் கம்பு பழகுகிறார்கள் என்று போனில் காட்டினேன். பள்ளி வகுப்பில் அது உண்டா என்று கேட்டாள். இல்லை. பேச்சு அங்கேயே நின்றது.

வீட்டிலேயே பழகுவது

மொட்டைமாடியில் நானும், இதே காரணத்துக்காக அங்கிருந்து விலகிய இரண்டு பேரும் மார்ச் மாதம் முழுக்கச் செய்து பார்த்தோம். செலவு ஒரு துணிக்கொடிக் கம்பி. என் கம்பு பட்டு அறுந்தது. காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். அடிப்படை ஊறியவர்களுக்கு இது நல்ல வழி, ஜோடி இருந்தால்தான். தனியாகச் சுற்றுகிறவன் தன் தப்பையே நாள்தோறும் மெருகேற்றிக்கொண்டிருப்பான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திருத்தினோம். மூன்றாவது வாரம் பார்த்தால், மூன்று பேருக்கும் ஒரே தப்பு இருந்தது. ஒரே வாத்தியாரிடம், ஒரே கடைசி வருஷங்களில் ஒட்டிய தப்பு. அதை எங்களில் யார் கண்டுபிடிப்பது? கிராமத்து ஆசான்தான் கண்டுபிடித்தார், அந்தச் சுண்டுவிரல்.

பிள்ளைகளை இப்படி விடக்கூடாது. யூடியூபில் பார்த்துச் சுருள்வாள் வரைக்கும் இறங்கிவிடுகிறார்கள்.

வெளியே வருவது எப்படி

எந்த வழி எடுத்தாலும் வெளியே வருவதில் ஒரு முறை இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகி மறைந்துபோவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அது வேண்டாம். பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். போட்டிக்காகக் கொடுத்த ஆதார் நகல், பிறப்புச் சான்று, பழைய போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பெயர் பழைய கூடத்தின் வழியாகச் சங்கத்தில் பதிவாகியிருந்தால், அதை மாற்ற என்ன கடிதம் வேண்டும் என்று போகுமுன் விசாரியுங்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்தபின் அந்தக் கடிதம் கிடைப்பது கஷ்டம். நான்கு குடும்பத்தைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். போகிற இடத்தில் பழைய இடத்தைத் திட்டாதீர்கள். நான் ஒரு நாள் திட்டினேன். புது மாஸ்டர் முகம் மாறிவிட்டது. நாளைக்கு இவன் நம்மையும் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பார்.

எங்கள் முடிவு இரண்டாகப் பிரிந்தது. ஆறு மாதம் இழுத்ததற்குக் காரணமே, இரண்டு பேருக்கும் ஒரே பதில் தேடியதுதான். மகள் புதூருக்கு. பதின்மூன்று வயது, போட்டி பிடிக்கிறது, கைவலி வராமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. விட்டுப்போகிற பழைய அடிமுறைகளை வீட்டில் எனக்குத் தெரிந்தவரை சொல்லித்தருவேன். நான் மொட்டைமாடி, மாதம் இரண்டு ஞாயிறு அலங்காநல்லூர்ப் பக்கம். எனக்கு மெடல் தேவையில்லை, சர்க்கரை குறைந்தால் போதும். சுண்டுவிரலும் சரியாக வேண்டும்.

மிச்சமிருந்தது வாத்தியாரிடம் சொல்வது. மே மாதக் கடைசி ஞாயிறு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஐந்நூற்றியொரு ரூபாயோடு அவர் வீட்டுக்குப் போனோம். மகளும் கம்பை எடுத்துக்கொண்டாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்காலில் தைலம் மணத்தது. நான் நான்கு தடவை எச்சில் விழுங்கி, சுற்றி வளைத்து, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க காலடி போடச் சொல்றானா?"

"சொல்றாருங்கய்யா. தினமும் இருபது நிமிஷம்."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். தட்டை வாங்கி வைத்தார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நில்லு ஆத்தா, நேரா நில்லு" என்றார். அவள் கம்பை வாங்கி அவளுக்கு முன்னால் தரையில் ஊன்றினார். கம்பு அவள் தோளைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருந்தது. புருவத்துக்கு ஒரு சாணுக்கு மேல் குறைந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு மாற்றிக்கொடுத்த கம்பு. அதற்கப்புறம் அவள் வளர்ந்ததை வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வகுப்பு ஓரமாக உட்கார்ந்து போனில் குறித்த நானும் கவனிக்கவில்லை.

"இத வச்சுக்கிட்டா பிள்ள சுத்துது?" என்று என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏத்தா, அந்த ரம்பத்த எடு. பரண்ல ரெண்டு மூங்கில் கெடக்கும் பாரு" என்று குரல் கொடுத்தார்.